விண்ணுக்கு வாயில் வரைந்த ஓவியர்

புத்தகக் கடையொன்றின் முன் நாம் சென்று நிற்குங்கால், நம் கண் முதலிற் பற்றுவது நூலின் பொருளன்று, அதன் மேலட்டையே. எனினும், அட்டைப் படத்தைப் போற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அதிலும், இலக்கியம் பயிலும் மாணவராகிய நாம், வண்ணப் படம் தாங்கிய கதை வெளியீடுகளைப் பிறர் முன் இகழ்ந்து பேசுகின்றோம். தனித்திருக்கும்போது அவற்றையே பாடநூலின் உள்ளே மறைத்து வைத்துப் படிக்கின்றோம். இவ்விரு செயலும் ஒருவரிடத்திலேயே நிகழ்வதை நம் விடுதி அறைகள் நன்கறியும். ஆதலின், அத்தகைய மலிவு வெளியீடுகளுக்கே தம் கைவண்ணத்தை ஈந்து வாழ்ந்த ஓவியர் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம். அவர் பெயர் பிராங்க் ஆர். பால் என்பது. சில ஆண்டுகளில் பழுத்து உதிர்ந்துபோகும் தாளுக்காக ஒருவன் தன் முழுத்திறனையும் செலவிடுதல் தகுமோ என்னும் வினா நம் உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவ்வினாவிற்கு இவர் வாழ்க்கையே விடையாகும்.

ஐரோப்பாக் கண்டத்தில், அந்நாளைய ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசைச் சார்ந்த ராட்கெர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் நம் ஓவியர் பிறந்தார். வியன்னா மாநகரிற் கட்டடக் கலையைப் பயின்றார். தூண் எத்துணைப் பாரம் தாங்கும், வளைவு எங்கே தொடங்கி எங்கே முடியும், ஆயிரம் பேர் நடமாடும் மாளிகையில் ஒளியும் காற்றும் எவ்வழியே புகும் என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டு வரையும் பயிற்சி அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. அப்பயிற்சி பிற்காலத்தில் மண்ணிற் கட்டடம் எழுப்பப் பயன்பட்டதினும் மிகுதியாக, எவரும் கண்டறியாத உலகங்களில் நகரங்களை எழுப்பவே பயன்பட்டது.

1906-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் குடியேறினார். புதிய நாடு, புதிய மொழி. நியூ ஜெர்ஸி மாநிலத்திற் செய்தித்தாள் ஒன்றுக்குப் படம் வரைந்து பொருளீட்டினார். 1913-இல் மணம் புரிந்தார். மக்கள் நால்வரைப் பெற்றார். இங்ஙனம் ஆரவாரமின்றிச் சென்றுகொண்டிருந்த அவர் வாழ்வில் ஒரு நட்பு வந்து சேர்ந்தது. அதுவே அவர் பெயரை நிலைபெறச் செய்தது.

அந்நண்பர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பார். லக்ஸம்பர்க் என்னும் சிறு நாட்டில், நம் ஓவியர் பிறந்த அதே 1884-ஆம் ஆண்டிலேயே பிறந்து, அவரைப் போலவே அமெரிக்காவிற் குடியேறியவர். மின்சாரத்திலும் கம்பியில்லாத் தந்தியிலும் தணியாத வேட்கை கொண்டவர். அக்கருவிகளை மக்களுக்கு விற்றதோடு அமையாது, 1908-ஆம் ஆண்டு முதல் அவற்றைப் பற்றிய பத்திரிகைகளையும் வெளியிட்டு வந்தார். 1914-ஆம் ஆண்டளவில் நம் ஓவியர் அப்பத்திரிகைகளுக்குப் படம் வரையத் தொடங்கினார். கெர்ன்ஸ்பாக்கின் மனத்திலே நாள்தோறும் புதிய பொறிகள் தோன்றும். அவற்றுக்கு உருவம் கொடுப்பது பிராங்க் பாலின் கை. ஒருவர் எண்ணமாகவும் மற்றவர் எழுதுகோலாகவும் அமைந்த இந்நட்பு ஏறக்குறைய நாற்பதாண்டுகள் நீடித்தது.

இவ்விடத்தில் அந்நாளைய அமெரிக்கக் கதைப் பத்திரிகைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1896-ஆம் ஆண்டில் பிராங்க் மன்ஸி என்னும் பதிப்பாளர் தம் ஆர்கஸி என்னும் பத்திரிகையை முழுவதும் கதைகளே கொண்டதாக, மிக மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டு விற்கலானார். அது பெரும் வெற்றி பெறவே, அவ்வழியைப் பின்பற்றிப் பற்பல பத்திரிகைகள் தோன்றின. தாளின் பெயரே அவற்றுக்கும் பெயராகிப் பல்ப் பத்திரிகைகள் என வழங்கலாயின. அத்தாள் சொரசொரப்பானது, விரைவில் மஞ்சளித்து ஓரங்கள் நொறுங்குவது. உள்ளே வண்ணம் என்பதே இல்லை. அட்டை மட்டும் வழவழப்பான தாளில், பல வண்ணங்களில் அச்சாகும். கடையிலே நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் ஒன்றையொன்று நெருக்கித் தொங்க, நடந்து செல்வான் ஒருவனை நிறுத்தி அவன் சட்டைப் பையிலுள்ள காசை வெளியே எடுக்கச் செய்வது அவ்வட்டையின் கடமை. ஆகவே செக்கச் சிவந்த வண்ணமும் பளிச்சிடும் மஞ்சளும் அங்கே மிக்கிருந்தன. துப்பாக்கி ஏந்திய முரடரும் அபயக் குரலெழுப்பும் அணங்குமே பெரும்பாலான அட்டைகளை நிறைத்தனர். கற்றோர் அவற்றைக் கண்டு முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

இச்சந்தையிலேதான் 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இதழாக, அமேஸிங் ஸ்டோரீஸ் என்னும் பத்திரிகையைக் கெர்ன்ஸ்பாக் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளையே வெளியிடும் ஆங்கிலப் பத்திரிகைகளுள் அதுவே முதலாவதாகும். விலை 25 சென்ட். ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகியோரின் பழைய கதைகள் அம்முதல் இதழில் இடம்பெற்றன. அட்டைப் படம் பிராங்க் பால் வரைந்தது. வெர்னின் கதையொன்றைத் தழுவிய அப்படத்திலே, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் மாந்தர் சறுக்கி விளையாடுகின்றனர். பனிக்குன்றுகளின் உச்சியிற் கப்பல்கள் சிக்கி நிற்கின்றன. பின்னே வளையங்கள் சூழச் சனிக்கோள் பேருருவாய் எழுந்து தோன்றுகின்றது. துப்பாக்கி இல்லை, அபயக் குரல் இல்லை. காண்போரைத் தடுத்து நிறுத்துவது வியப்பு ஒன்றே.

அக்காலத்து விஞ்ஞானத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் துணிவு விளங்கும். 1926-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் நாள், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் இராபர்ட் காடர்ட் என்னும் பேராசிரியர், திரவ எரிபொருளால் இயங்கும் முதல் இராக்கெட்டை ஏவினார். அது 41 அடி உயரமே எழுந்து, மூன்று வினாடிகளுக்குள் ஒரு தோட்டத்தில் வீழ்ந்தது. இராக்கெட்டு தென்னை மர உயரம் எழவும் அரிதாயிருந்த அப்பருவத்திலே, நம் ஓவியர் சனிக்கோளைப் பத்திரிகைக் கடையில் கொணர்ந்து தொங்கவிட்டார்.

அதுமுதல் 1929-ஆம் ஆண்டு ஜூன் வரையில் அப்பத்திரிகையின் அட்டைகளுள் 38-ஐ அவரே வரைந்தார். 1927 ஆகஸ்டு இதழில், வெல்ஸின் கதையில் வரும் செவ்வாய்க் கிரகத்தாரின் மூன்று கால் பொறிகளைத் தீட்டினார். 1928 ஆகஸ்டு இதழில், சிவந்த உடையணிந்த இளைஞன் ஒருவன் சிறு கருவியொன்றின் துணையால் வானிலே மிதந்து செல்லுதலைத் தீட்டினார். அப்படம் ஈ. ஈ. ஸ்மித் என்பாரின் கதைக்கு உரியது. ஆயினும் பிற்காலத்திற் பக் ராஜர்ஸ் என்று புகழ்பெற்ற வீரனின் முதற் கதையும் அவ்விதழிலேயே வெளிவந்தமையால், அப்படத்தைப் பக் ராஜர்ஸ் என்றே கருதுவோர் பலராயினர்.

கதைக்குப் படம் வரைதல் உலக வழக்கு. படத்துக்குக் கதை எழுதச் செய்த வரலாறும் நம் ஓவியருக்கு உண்டு. 1926 டிசம்பர் இதழின் அட்டையில், பெருங்கப்பல் ஒன்று மாபெரும் உருண்டையிலிருந்து தொங்கிய வண்ணம் வானிற் செல்ல, அயலுலகத்தார் அதனை நோக்கி நிற்பதாக ஒரு காட்சியைத் தீட்டினார். இதற்கேற்ற கதையை வாசகர்களே எழுதி அனுப்புக என்று கெர்ன்ஸ்பாக் அறிவித்து, மொத்தம் 500 டாலர் பரிசும் வைத்தார். அப்போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ் என்னும் பெண்மணி. அவர் கதை 1927 ஜூன் இதழில் வெளிவந்தது. விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் தம் சொந்தப் பெயராலேயே கதை எழுதிய முதற் பெண்மணி இவரே என்பர். ஓர் அட்டைப் படம் ஓர் எழுத்தாளருக்கு வாயில் திறந்துவிட்டமையை இங்கே காண்கின்றோம்.

அவ்வாயிலின் வழியே நுழைந்த வேறு மூவரையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். அப்போது மூவரும் சிறுவர். 1926 அக்டோபர் இதழின் அட்டையிலிருந்த நண்டு போன்ற மாந்தனைக் கண்டு, அமெரிக்கச் சிறுவனொருவன் அவ்விதழைக் கைக்கொண்டான். அவனுக்கு அப்போது பத்து வயது நிறையவில்லை. அவனே பிற்காலத்தில் விஞ்ஞானக் கதை நூல்களையும் ஓவியங்களையும் மலைபோலத் திரட்டிப் பாதுகாத்த பாரஸ்ட் ஆக்கர்மன். இலினாய் மாநிலத்துச் சிறுவன் மற்றொருவன், 1928-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளிவந்த காலாண்டு இதழின் அட்டையிலே பேருருவ எறும்புகளைக் கண்டு மயங்கினான். எட்டு வயதினனாகிய அவனே ரே பிராட்பரி. மூன்றாமவன் இங்கிலாந்திற் பண்ணை வீட்டில் வளர்ந்த பதினொரு வயதுச் சிறுவன். அவன் முதன்முதலிற் கண்ட விஞ்ஞானக் கதைப் பத்திரிகை 1928 நவம்பர் இதழ். துணைக்கோள் ஒன்றில் மாந்தர் இறங்கி நிற்க, வான் முழுவதையும் அடைத்துக்கொண்டு வியாழன் தோன்றும் படம் அதன் அட்டையில் இருந்தது. அவனே ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு, 2008-ஆம் ஆண்டிற் கொழும்பில் மறைந்த பெரும் எழுத்தாளர் அவர். 1979-ஆம் ஆண்டில் வாயேஜர் விண்கலங்கள் வியாழனை அணுகிப் படம் பிடித்து அனுப்பியபோது, அதன் மேகங்களின் சுழிகளும் வெண்திட்டுகளும், தாம் சிறுவயதிற் கண்ட அட்டையில் முன்னரே இருந்தமையை நினைந்து கிளார்க் முதுமையில் வியந்து எழுதினார்.

இவ்வளவும் கூறியபின், நம் ஓவியரின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. அவர் வரைந்த மனிதர்கள் உயிரற்றவர்கள். முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே போலும். கைகால்கள் மரப்பாவையின் உறுப்புகளை ஒக்கும். அன்பும் அச்சமும் அவர் எழுதிய முகங்களில் நன்கு தோன்றா. உருவம் வரைதலில் வல்ல ஓவியர்கள் அவர் காலத்திற் பலர் இருந்தனர். ஆனால் பொறியொன்றை அவர் வரைந்தால், அதன் ஆணியும் பற்சக்கரமும் குழாயும் தத்தம் தொழிலை அறிந்து நிற்பன போலத் தோன்றும். அயலுலக நகரம் ஒன்றை அவர் வரைந்தால், அங்கே நாம் எவ்வழியே ஏறி எவ்வழியே இறங்குவோம் என்பது விளங்கும். வேற்றுலக உயிரை வரையும்போதும் காரணமின்றி ஒருறுப்பும் அமையார். செவ்வாயில் காற்று மெலிதாதலின் அங்குள்ளவர்க்குப் பெருஞ்செவி வேண்டும் என்று எண்ணி அவ்வாறே வரைந்தார். அவர் எண்ணியவாறு செவ்வாயில் மாந்தர் இல்லை என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் பொய்யான உருவத்திலும் மெய்யான சிந்தனை இருந்தது. வாசகனை ஏமாற்றக் கூடாது என்னும் அறம் அதனுள் இருந்தது. உள்ளே இல்லாத ஒன்றை அட்டையிற் காட்டிக் காசு பறிப்பார் மலிந்த சந்தையில் இஃது அரிய பண்பு.

1929-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கெர்ன்ஸ்பாக்கின் நிறுவனம் கடனில் மூழ்கி, அமேஸிங் ஸ்டோரீஸ் பிறர் கைக்கு மாறியது. நம் ஓவியர் பத்திரிகையோடு நில்லாமல் நண்பரோடு சென்றார். சில மாதங்களுக்குள் கெர்ன்ஸ்பாக் ஸயன்ஸ் ஒண்டர் ஸ்டோரீஸ் முதலிய புதிய பத்திரிகைகளைத் தொடங்கினார். அதன் 1929 ஆகஸ்டு இதழின் அட்டையில், பூமிக்கு அப்பால் வெட்டவெளியிற் சுழலும் சக்கர வடிவமான விண்வெளி நிலையத்தைப் பிராங்க் பால் வண்ணத்தில் தீட்டினார். அதற்கு மூலம், ஹெர்மன் நூர்டங் என்னும் புனைபெயரில் ஹெர்மன் போடோச்னிக் என்ற பொறியியலாளர் எழுதிய நூலாகும். அவரும் ஆஸ்திரியப் பேரரசிற் பிறந்து வியன்னாவிற் பயின்றவரே. வறுமையும் நோயும் வருத்த, அதே ஆகஸ்டு மாதம் 27-ஆம் நாள் தம் 36-ஆம் வயதில் அவர் வியன்னாவில் இறந்தார். தாம் கணக்கிட்ட வீடு அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால், கடைதோறும் வண்ணப் படமாகத் தொங்கிய மாதத்திலேயே அவர் கண்மூடினார் என்பதை எண்ண நம் நெஞ்சு உருகுகின்றது.

பின்னர் ஏழாண்டுகள் அப்பத்திரிகைகளுக்கு மாதந்தோறும் நம் ஓவியரே அட்டை வரைந்தார். 1936-ஆம் ஆண்டில் கெர்ன்ஸ்பாக் அவற்றையும் விற்க நேர்ந்தது. வாங்கியோர் புதிய ஓவியர்களை நாடினர். அப்போது நம் ஓவியருக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் ஒரு புதிய உலகைப் படைத்த கைக்கு அவ்வேலை இல்லாதாயிற்று. அவர் வரைந்த பழைய இதழ்களோ மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கியிருந்தன. அத்தனை உழைப்பும் குப்பைக்குத்தானோ என்று கேட்பார் உளராயின், அவ்வாண்டில் அவர்க்கு விடை கூறுதல் அரிதாகவே இருந்திருக்கும்.

விடை மூன்றாண்டுகள் கழித்து வந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள், நியூயார்க் மாநகரில் முதலாவது உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடியது. மாநாடு என்று பெயரே அன்றிக் கூட்டம் பெரிதன்று. ஏறக்குறைய இருநூறு பேரே வந்திருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நம்மையொத்த இளைஞர். சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது என்ற வினா எழுந்தபோது, அவர்கள் எழுத்தாளர் எவரையும் தேர்ந்திலர், பதிப்பாளரையும் தேர்ந்திலர், அட்டைப் படம் வரைந்த பிராங்க் பாலையே தேர்ந்தனர். அவரும் வந்து, விஞ்ஞானக் கதையின் உயிர் இளமையே என்னும் கருத்தமைய உரை நிகழ்த்தினார்.

அந்த அவையிலே, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நாட்டின் ஒரு கோடி விட்டு மறுகோடி வந்த இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஆக்கர்மன். மற்றவர், அவரிடம் கடன் பெற்று, பேருந்தில் பல நாள் பயணம் செய்து வந்த பதினெட்டு வயது இளைஞராகிய பிராட்பரி. நண்டு மாந்தனைக் கண்ட சிறுவனும் எறும்புகளைக் கண்ட சிறுவனும் வளர்ந்து, அவற்றை வரைந்தவர் முன்னே வந்து அமர்ந்தனர். தாள் நொறுங்கியது உண்மையே. ஆனால் படம் அத்தாளில் மட்டும் அச்சாகவில்லை என்பதை அன்று அவ்வவை கண்டது.

அவ்வாண்டிலேயே மார்வெல் காமிக்ஸ் என்னும் சித்திரக் கதை வெளியீட்டின் முதல் இதழுக்கு, நெருப்புருவான வீரனை அட்டையில் வரைந்தவரும் அவரே. பிற்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்ற மார்வெல் என்னும் பெயர் சித்திரக் கதை வெளியீட்டில் முதன்முதலாகத் தோன்றிய இதழ் அது. அதே காலத்தில் அமேஸிங் ஸ்டோரீஸும் அதன் துணைப் பத்திரிகையும் அவரை மீண்டும் அழைத்தன. இம்முறை முன்னட்டையன்று, பின்னட்டை. 1946 வரையில், பிற கோள்களின் நகரங்களையும் உயிர்களையும் அவர் அங்கே தீட்டினார். விளம்பரம் நிற்கும் இடம் என்று கருதப்பட்ட பின்னட்டையையும் வாசகர் திருப்பித் திருப்பிப் பார்க்கச் செய்தார். 1953-ஆம் ஆண்டில் கெர்ன்ஸ்பாக் தம் கடைசி விஞ்ஞானக் கதைப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அறுபத்தொன்பது வயதை எய்திக்கொண்டிருந்த நம் ஓவியர் அங்கும் உடனிருந்தார். அப்பத்திரிகை ஏழு இதழ்களோடு நின்றது.

1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் பிராங்க் பால் இவ்வுலக வாழ்வை நீத்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1961 ஏப்ரலில், மனிதன் விண்வெளிக்குச் சென்று மீண்டான். இறந்து ஆறாண்டுகள் கழித்து, மனிதன் திங்களில் அடி வைத்தான். முன்னதைக் காண அவர் இருந்தார். பின்னதைக் காண இல்லை. 2009-ஆம் ஆண்டில் விஞ்ஞானக் கதைத் துறையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அவர் வரைந்த பத்திரிகை அட்டைகள் மொத்தம் இருநூறுக்கு மேற்பட்டவை. ஒருகாலத்தில் 25 சென்டுக்கு விற்ற இதழ்களை இன்று நூலகங்கள் உறையிட்டுக் காக்கின்றன.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? எல்லா அட்டைப் படமும் உயர்ந்தது என்று நாம் கூற வந்திலோம். அவற்றுட் பெரும்பான்மை இகழத்தக்கனவே. ஆனால் பொருளின் உயர்வு தாளின் விலையைப் பொறுத்தது அன்று. வரைந்தவன் அதனிடத்து வைத்த மதிப்பைப் பொறுத்தது. தம் படம் ஒரு மாதமே கடையிலிருக்கும், பின்னர்க் கழிக்கப்படும் என்பதை நம் ஓவியர் அறியாதவரல்லர். அறிந்தும், ஒவ்வோர் ஆணியையும் அதன் இடத்திலேயே வரைந்தார். அதனை ஊன்றிப் பார்க்கும் சிறுவன் ஒருவன் எங்கோ இருப்பான் என்று நம்பியதைப் போலவே வரைந்தார். அவ்வாறே சிறுவர் இருந்தனர்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். சிலர் பத்திரிகைகளிற் பணி செய்வோம். சிலர் பெயர் தெரியாத அலுவல்களில் அமர்வோம். நாம் கரும்பலகையில் எழுதுவது மணியடித்தவுடன் துடைக்கப்படும். நாம் அச்சிற் கொணர்வது மறுநாள் பொட்டலம் கட்டப் பயன்படும். அப்போது நம் கை சோராதிருக்கப் பிராங்க் பாலின் வாழ்வை நினைவோமாக. இனி, பாடநூலுக்குள் மறைத்த பத்திரிகையொன்று நம் கையில் அகப்படுமாயின், அதன் அட்டையைக் கிழித்தெறியுமுன், அதனை வரைந்தவர் பெயர் மூலையில் எங்கேனும் உள்ளதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்போமாக.